டெய்லர் ஸ்விஃப்ட் முகமூடிக்குள் ஒரு சிஸ்டம் அட்மின்

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் ஓட்டை அம்பலமானது. இணையத் தொடர்பை ரகசியமாக்க சர்வர்கள் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் இருந்த பிழை. இரண்டு கணினிகள் தொடர்பு அறுந்துவிடவில்லையே என்று அவ்வப்போது ஒன்றையொன்று தட்டிப் பார்த்துக்கொள்ள 'ஹார்ட்பீட்' என்று ஒரு வசதி உண்டு. கேட்கும் பக்கம் ஒரு சொல்லை அனுப்பி, 'இது இத்தனை பைட்' என்றும் சொல்லும். சர்வர் அதே சொல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும். சொன்ன கணக்கும் வந்த சொல்லின் நீளமும் ஒத்துப்போகிறதா என்று சர்வர் சரிபார்க்கவே இல்லை. 4 பைட் அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று புளுகினால், மெமரியில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் வாரிக் கொடுத்துவிடும். அதில் பாஸ்வேர்ட் இருக்கலாம், செஷன் குக்கி இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே கூட இருக்கலாம்.

அந்த அமளியில்தான் ட்விட்டரில் ஸ்விஃப்ட்ஆன்செக்யூரிட்டி என்ற கணக்கு முளைத்தது. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் படத்தை வைத்து ஹார்ட்பிளீட் மீம் போடுவது மட்டுமே அப்போதைய திட்டம். தன் டிஜிட்டல் விஷயங்களில் ஸ்விஃப்ட் எச்சரிக்கையானவர் என்ற பெயர் இருந்ததால் அந்த முகம் தேர்வானது. பின்னால் இருப்பவர் யாரென்று இன்றுவரை பொதுவெளியில் தெரியாது. பெரிய நிறுவனம் ஒன்றில் ஊழியர்களின் விண்டோஸ் கணினிகளைக் கண்காணிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்குபவர் என்பதும், துறை வல்லுநர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் எம்விபி விருது பெற்றவர் என்பதும் தெரியும். எக்ஸில் 4 லட்சத்துக்கும் மேல் பின்தொடர்கிறார்கள். மாஸ்டடானிலும் புளூஸ்கையிலும் கணக்கு இருக்கிறது.

2015 ஜனவரி 27 அன்று உண்மையான டெய்லர் ஸ்விஃப்டின் ட்விட்டர், இன்ஸ்டாகிராம் கணக்குகளைச் சிலர் சற்று நேரம் கைப்பற்றினார்கள். பாதுகாப்பு பற்றிப் பாடம் நடத்திய போலிக் கணக்குக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. இப்படி ஒரு நகைச்சுவையை யோசித்து எழுதவே முடியாது.

கேலிக் கணக்குகள் ஆயிரம் வரும், போகும். ஒரு வாரம் சிரிப்பார்கள், மறந்துவிடுவார்கள். இது நிலைத்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். முதலாவது, இதன் கேலி கணினி தெரியாதவரை நோக்கிப் போவது அரிது. பாதுகாப்புத் துறையின் பழைய நோய் அது: 'எல்லாப் பிரச்சினையும் யூசரால்தான்' என்று உதடு சுழிப்பது. 2014இலேயே இவர் ஜெசிகா என்றொரு கற்பனைப் பெண்ணைப் பற்றி எழுதினார். பதின்ம வயது, பழைய லேப்டாப், கையில் காசில்லை, எந்த அப்டேட் நிஜம் எது போலி என்று சொல்லித்தர ஆளில்லை. அவள் கணினிக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால் குற்றம் யாருடையது என்பதுதான் கேள்வி. அவளுடையது இல்லை, இப்படிப்பட்ட கணினியை அவளிடம் கொடுத்தவர்களுடையது என்பதுதான் பதில். துறையில் பத்து வருடம் குப்பை கொட்டியவர்களையும் அது உறுத்தியது.

இரண்டாவது காரணம், சிரிப்புக்குப் பின்னால் டவுன்லோட் செய்து நிறுவக்கூடிய பொருள் இருந்தது. 'உஷாராக இருங்கள்' என்று சொல்லிவிட்டு இவர் போய்விடவில்லை. ஒரு கோப்பைக் கொடுத்து, இதை இப்படிப் போடு என்றார். அதனால் அந்தப் பொருட்களைப் பற்றியே இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

சிஸ்மான் கான்ஃபிக்

சிஸ்மான் என்பது மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள இலவசக் கருவி. 2014 ஆகஸ்டில் வந்தது. கணினியில் எந்த புரோகிராம் எப்போது ஓடியது, அதை எது ஓட வைத்தது, எந்த முகவரியோடு பேசியது என்பதையெல்லாம் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் லாகில் எழுதும். ஆன்டிவைரஸ் வேலையை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. சிசிடிவி போல, நடந்ததைப் பதிவு செய்யும். திருடன் வந்து போன பிறகு எந்த வழியாக வந்தான் என்று தெரிய வேண்டுமே, அதற்கு.

சிக்கல் என்னவென்றால், எதைப் பதிவது எதை விடுவது என்று எக்ஸ்எம்எல் கோப்பில் நாம்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பதியச் சொன்னால் லாக் நிரம்பி வழியும், குறைத்துச் சொன்னால் முக்கியமானது தப்பிவிடும். 2017இல் ஸ்விஃப்ட்ஆன்செக்யூரிட்டி இப்படித் தான் எழுதிய விதிக் கோப்பை, அதாவது கான்ஃபிக்கை, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்தார். அதன் விதிகளை விடவும் வரிக்கு வரி எழுதிய குறிப்புகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இந்த இடத்தை ஏன் கவனிக்கிறோம், எந்த வகைத் தாக்குதல் அதைத் தொடும், இதைத் திறந்துவிட்டால் எவ்வளவு இரைச்சல் வரும் என்று கோப்புக்குள்ளேயே இருக்கும். பல பேருக்கு அதுதான் முதல் பாடநூல்.

நிறுவும் முறை சுருக்கமானது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து சிஸ்மான் ஜிப்பை இறக்கி விரியுங்கள். கிட்ஹப்பில் 'சிஸ்மான்கான்ஃபிக்-எக்ஸ்போர்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, 'ரா' பொத்தானை அழுத்தி, வரும் பக்கத்தைச் சேமியுங்கள். முதல் சறுக்கலே இங்கேதான். 'ரா' அழுத்தாமல் கிட்ஹப் பக்கத்தையே ரைட் கிளிக் செய்து சேமித்தால் கையில் வருவது எச்டிஎம்எல். பெயரில் எக்ஸ்எம்எல் என்று இருந்தாலும் சிஸ்மான் அதைப் படிக்காமல் பிழை காட்டும். நோட்பேடில் திறந்து, கோப்புக்குள் 'சிஸ்மான்' என்ற டேக் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, சிஸ்மான்64 என்று அடித்து, ஹைஃபனோடு 'அக்செப்ட்யூலா', பிறகு ஹைஃபனோடு 'ஐ', கடைசியில் கோப்பின் பெயர். அவ்வளவுதான். ரீஸ்டார்ட் தேவையில்லை. பிறகு கான்ஃபிக்கை மாற்றினால் 'ஐ'க்குப் பதில் 'சி'. கோப்பின் பெயரே இல்லாமல் 'சி' மட்டும் கொடுத்தால் இப்போது ஓடும் விதிகளைத் திரையில் கொட்டும். நீக்க 'யூ'. கோப்பின் மேல்வரியில் ஸ்கீமா எண் ஒன்று இருக்கும். உங்கள் சிஸ்மான் அதைவிடப் பழையதாக இருந்தால் ஏற்காது. ஹைஃபன் 'எஸ்' கொடுத்தால் உங்கள் பதிப்பின் ஸ்கீமாவைக் காட்டும். கோப்பில் உள்ள எண்ணைத் திருத்தி ஏமாற்றப் பார்க்காமல், சிஸ்மானைப் புதுப்பியுங்கள்.

பதிவுகள் இருக்கும் இடம்: ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், சிஸ்மான், ஆபரேஷனல். சோதிக்க ஒரு கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஹூஆம்ஐ' அடியுங்கள். உடனே ஈவென்ட் எண் 1 ஒன்று விழ வேண்டும். அதில் ஓடிய புரோகிராம், முழு கமாண்ட் வரி, அதைத் தொடங்கிவைத்த பேரன்ட் புரோகிராம், யூசர் பெயர், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எல்லாம் இருக்கும்.

தினசரி வேலைக்கு இந்தச் சில எண்களை மனப்பாடம் செய்தால் போதும்: 1 புரோகிராம் தொடங்கியது, 3 நெட்வொர்க் இணைப்பு, 11 கோப்பு உருவானது, 12, 13, 14 மூன்றும் ரெஜிஸ்ட்ரி, 22 டிஎன்எஸ் கேள்வி (ஒரு தளத்தின் பெயருக்கு முகவரி கேட்பது). இவற்றோடு 16ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிஸ்மானின் கான்ஃபிக்கே மாறியது என்று அர்த்தம். நீங்கள் மாற்றாத நாளில் 16 விழுந்தால் உடனே எழுந்து உட்காருங்கள்.

லாகில் தேட வேண்டியது பெரும்பாலும் பேரன்ட் உறவைத்தான். வேர்டு புரோகிராம், கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல்லைப் பெற்றிருந்தால் அது இயல்பான குடும்பம் இல்லை. எக்செல்லுக்குப் பிறந்த கமாண்ட் பிராம்ப்ட், அவுட்லுக்குக்குப் பிறந்த டபிள்யூஸ்கிரிப்ட் (ஸ்கிரிப்ட் கோப்புகளை ஓட்டுவது) எல்லாம் அப்படித்தான். கணக்கர் ஒருவர் வைத்திருக்கும் பழைய எக்செல் மேக்ரோ (கோப்புக்குள் இருக்கும் குட்டி நிரல்) நிஜமாகவே கமாண்ட் பிராம்ப்ட்டைக் கூப்பிடுவதும் உண்டு. முதல் வாரம் இப்படிப்பட்ட நியாயமான விதிவிலக்குகளை இனம் காண்பதிலேயே போகும். அதைக் குறித்து வைத்துக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது நிஜம்.

இனி பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம். ஒவ்வொரு வகை ஈவென்ட்டுக்கும் 'இன்க்ளூட்' அல்லது 'எக்ஸ்க்ளூட்' என்று ஒரு தொகுப்பு இருக்கும். 'இன்க்ளூட்' என்று போட்டு உள்ளே விதி ஒன்றும் எழுதாவிட்டால் எதுவுமே பதிவாகாது. 'எக்ஸ்க்ளூட்' என்று போட்டு உள்ளே காலியாக விட்டால் எல்லாமே பதிவாகும். கேட்க நேரானதாகத் தோன்றும், கோப்பைத் திருத்தும்போது தலைகீழாகிவிடும். இவருடைய கோப்பில் புரோகிராம் தொடங்குவதை எக்ஸ்க்ளூட் முறையில் வைத்திருக்கிறார்: தெரிந்த இரைச்சலைக் கழித்துவிட்டு மற்றதெல்லாம் வேண்டும். நெட்வொர்க்கை இன்க்ளூட் முறையில் வைத்திருக்கிறார்: யூசர் ஃபோல்டர், டெம்ப் ஃபோல்டர் போன்ற இடங்களிலிருந்து ஓடும் புரோகிராமும், பவர்ஷெல் மாதிரித் தவறாகப் பயன்படக்கூடியவையும், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் 22, 3389 போன்ற சில போர்ட்டுகளும் மட்டும் போதும். பிரவுசர் போடும் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பதிவதில் யாருக்கும் லாபமில்லை. ஈவென்ட் 7, அதாவது புரோகிராம்களின் துணைக் கோப்பான டிஎல்எல் ஏற்றப்படுவது, காலி இன்க்ளூடாக இருக்கும். வேண்டுமென்றேதான் அணைத்து வைத்திருக்கிறார். 'கோப்பில் குறை' என்று நினைத்து அதை எக்ஸ்க்ளூட் ஆக்கினால் கணினி திணறும்.

லாக் கோப்பின் இயல்பு அளவு 64 எம்பி. நன்றாகப் பயன்படும் அலுவலகக் கணினியில் அது சில நாளில் நிரம்பிப் பழையது அழிய ஆரம்பிக்கும். ஊடுருவல் தெரிய வருவதோ பல வாரம் கழித்து. லாக் கோப்பின் பிராப்பர்ட்டீஸில் போய்க் குறைந்தது 500 எம்பியாவது கொடுங்கள். நிறையக் கணினிகள் இருந்தால் விண்டோஸ் ஈவென்ட் ஃபார்வர்டிங் வழியாக ஒரே சர்வருக்கு அனுப்பலாம், அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். அங்கே வழக்கமாக நிற்கும் இடம் அனுமதி: ஒவ்வொரு கணினியிலும் 'நெட்வொர்க் சர்வீஸ்' கணக்கை 'ஈவென்ட் லாக் ரீடர்ஸ்' குழுவில் சேர்த்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யாதவரை சப்ஸ்கிரிப்ஷன் பச்சையாகத் தெரிந்தும் ஒரு வரிகூட வராமல் இருக்கலாம்.

கமாண்ட் வரி முழுதாகப் பதிவாகும் என்பதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டைக் கமாண்ட் வரியிலேயே எழுதும் பழக்கமுள்ள நிறுவனத்தில், அந்தப் பாஸ்வேர்ட் லாகிலும் உட்காரும், லாக் போகும் சர்வரிலும் உட்காரும். சிஸ்மானைப் போடும் முன் அந்த ஸ்கிரிப்டுகளைத் தேடித் திருத்துங்கள். லாகைப் படிக்கும் உரிமையையும் கண்டவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கோப்பு வந்தபோது எல்லாருக்கும் இதுவே தொடக்கம். இன்று ஓலாஃப் ஹார்ட்டாங்கின் சிஸ்மான்-மாடுலர் போல இன்னும் விரிவானவை இருக்கின்றன. விதிகளை, தாக்குதல் நுட்பங்களை வகைப்படுத்தும் மைட்டர் அட்டாக் பட்டியலோடு பொருத்தி, துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருப்பார். 2025 நவம்பரில் சிஸ்மானை விண்டோஸுக்குள்ளேயே சேர்க்கப்போவதாக மைக்ரோசாஃப்ட்டும் அறிவித்தது. இருந்தாலும் கற்றுக்கொள்வதற்கு நான் பழைய கோப்பையே கொடுப்பேன், அந்தக் குறிப்புகளுக்காக.

நோட்பேட் வைத்தியம்

இந்தக் கணக்கு வழியாகப் பரவலாகத் தெரிய வந்த இன்னொரு யோசனை, காசும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை. விண்டோஸில் ஜேஎஸ் என்று முடியும் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தால் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் அதை ஓட்டிவிடும். வீட்டிலும் அலுவலகத்திலும் அப்படி ஓட்ட வேண்டிய தேவை கிட்டத்தட்ட யாருக்கும் கிடையாது. மெயிலில் 'இன்வாய்ஸ்' என்று வரும் ஜிப்புக்குள் இருக்கும் திருட்டுக்குத்தான் அது பயன்படுகிறது. போதாக்குறைக்கு, தெரிந்த எக்ஸ்டென்ஷனை மறைப்பது விண்டோஸின் இயல்பு. பிடிஎஃப் புள்ளி ஜேஎஸ் என்று முடியும் பெயர் வெறும் பிடிஎஃப் என்று திரையில் தெரியும்.

வைத்தியம்: ஜேஎஸ், ஜேஎஸ்இ, விபிஎஸ், விபிஇ, டபிள்யூஎஸ்எஃப், டபிள்யூஎஸ்எச், எச்டிஏ என்ற ஏழையும் நோட்பேடில் திறக்கும்படி மாற்றிவிடுவது. யாராவது கிளிக் செய்தால் புரியாத எழுத்துகள் நிறைந்த ஜன்னல் திறக்கும். குழம்பி மூடுவார்கள், அல்லது ஐடி ஆளைக் கூப்பிடுவார்கள். ஓடாது.

ஒற்றைக் கணினியில் செட்டிங்ஸ், ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் போய் எக்ஸ்டென்ஷனைத் தேடி மாற்றலாம். அலுவலகத்தில், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பு தரும் குரூப் பாலிசி: யூசர் கான்ஃபிகரேஷன், பிரிஃபரன்சஸ், கன்ட்ரோல் பேனல் செட்டிங்ஸ், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், அதில் நியூ, ஓப்பன் வித். எக்ஸ்டென்ஷனைப் புள்ளி இல்லாமல் கொடுத்து, சிஸ்டம்32இல் உள்ள நோட்பேடின் பாதையைக் கொடுத்து, 'செட் ஆஸ் டிஃபால்ட்' டிக் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷனைக் காட்டும் அமைப்பையும் கையோடு திறந்துவிடுங்கள்.

சோதனை முக்கியம். ஒரு வரியில் செய்திப் பெட்டி காட்டும் விபிஎஸ் கோப்பொன்றை எழுதிச் சேமித்துக் கிளிக் செய்யுங்கள். பெட்டி வந்தால் பாலிசி ஏறவில்லை. யூசர் ஏற்கெனவே கையால் ஒரு புரோகிராமைத் தேர்ந்திருந்தால் விண்டோஸ் அதையே பிடித்துக்கொண்டிருக்கும், பாலிசியைக் கண்டுகொள்ளாது. அந்த ஒரு சிலரைத் தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

யூசர் கணினிக்குள் நுழையும்போது ஓடும் ஸ்கிரிப்ட் எல்லாம் உடையுமே என்ற பயம் பாதி நியாயம். சிஸ்கிரிப்ட், டபிள்யூஸ்கிரிப்ட் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டும் ஸ்கிரிப்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. கோப்பின் பெயரை மட்டும் சொல்லி ஓட்டியவை நோட்பேடில் திறந்து பல்லிளிக்கும். அதே காரணத்தால் திருடனும் சுற்றிப் போகலாம்: எல்என்கே ஷார்ட்கட்டுக்குள் டபிள்யூஸ்கிரிப்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நோட்பேட் குறுக்கே வராது. 2022இல் இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே அடைத்த பிறகு டிஸ்க் நகலான ஐஎஸ்ஓ, ஷார்ட்கட்டான எல்என்கே பக்கம் திருடர் கூட்டம் கூடியது. ஆகவே மெயில் கேட்வேயில் இந்த இரண்டு வகை அட்டாச்மென்ட்டையும், ஜிப்புக்குள் இருந்தாலும், நிறுத்துங்கள்.

மெயில் விதிகள்

கிட்ஹப்பில் ஸ்விஃப்ட்ஃபில்டர் என்று இன்னொன்றையும் வைத்தார். எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரில் ஃபிஷிங் என்ற ஏமாற்று மெயில்களைப் பிடிக்கும் டிரான்ஸ்போர்ட் விதிகளும், எழுத்துகளின் அமைப்பைத் தேடும் ரெஜெக்ஸ்களும். அதை அப்படியே எடுத்து ஒட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். யோசனையைக் கற்றுக்கொண்டு உங்கள் மெயிலுக்கு ஏற்ப எழுதுவதே சரி. முதல் நாள் எந்த விதியும் மெயிலைத் தடுக்கக் கூடாது. மெயிலின் தலைப்பகுதியில் ஒரு குறிப்பை (ஹெடரை) மட்டும் சேர்க்கட்டும், இரண்டு வாரம் அந்த ஹெடர் விழுந்த மெயில்களைப் பார்த்துவிட்டுப் பிறகு குவாரன்டைன், அதாவது தனியே நிறுத்தி வைப்பது.

அதிக பலன் தரும் விதி எளியது: அனுப்புநரின் காட்சிப் பெயர் எம்டி அல்லது அக்கவுன்ட்ஸ் தலைவரின் பெயர், முகவரியோ வெளியிலிருந்து. 'அர்ஜென்ட்டாக இந்தக் கணக்குக்குப் பணம் போடு' மெயில்கள் பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வரும். தமிழ்ப் பெயர்களுக்கு இதில் கூடுதல் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் எழுதிய ரெஜெக்ஸ் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று எதிர்பார்க்கும். நமக்கோ இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும், புள்ளியோடும் வரும், புள்ளி இல்லாமலும் வரும். கே. முருகன், முருகன் கே, கேமுருகன் மூன்றும் ஒரே ஆள். ஆங்கிலத்தில் 'யூ' போட்டு எழுதும் முருகனும் உண்டு, 'ஓஓ' போடுபவரும் உண்டு. இனிஷியலை விருப்பத்தேர்வாகவும் இரண்டு பக்கமும் வைத்து எழுதுங்கள். தமிழ் எழுத்திலேயே பெயர் வந்தால் ஹெடரில் அது பேஸ்64 குறியாக்கத்தில் பயணிக்கும். ஆகவே ஜிமெயிலிலிருந்து ஒரு மெயிலை அப்படி அனுப்பிப் பார்த்து விதி பிடிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். எம்டியின் சொந்த ஜிமெயில் முகவரியை விதிவிலக்கில் சேர்க்க மறந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

'இது வெளியிலிருந்து வந்த மெயில்' என்று மஞ்சள் பட்டை ஒட்டும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. எல்லா மெயிலிலும் பட்டை இருந்தால் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். மொபைலில் மெயிலின் முன்னோட்ட வரியை முழுக்க அந்தப் பட்டையே தின்றுவிடும். அவுட்லுக்கில் உள்ளமைந்த 'எக்ஸ்டர்னல்' முத்திரையை பவர்ஷெல்லில் ஒரே கட்டளையால் இயக்கலாம், மெயிலின் உடலைத் தொடாது. பெரிய பட்டையைச் சந்தேக விதிகளில் சிக்கியவற்றுக்கு மட்டும் வையுங்கள்.

வீட்டுக் கணினிக்கு

இவருடைய தளத்தில் போலி டெக் சப்போர்ட் மோசடிக்கென்று நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார். திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்து, 'இந்த எண்ணைக் கூப்பிடு' என்று வருமே, அது. மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பர் இருக்காது என்ற ஒரு வரியை வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னாலே போதும். வந்துவிட்டால் எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றும் சேர்த்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை முடியுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் திரும்ப வரும். கணினியில் பெரும்பாலும் எதுவும் ஏறியிருக்காது. அந்த எண்ணைக் கூப்பிட்டு, ரிமோட் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்திருந்தால் கதை வேறு: நெட்டைத் துண்டியுங்கள், வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930. இந்த மோசடியின் கால் சென்டர்கள் பல நம் நாட்டிலேயே ஓடின என்பதையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் சிபிஐ நடத்திய ஆபரேஷன் சக்ரா-2 சோதனைகளுக்குப் பின்னால் அமேசான், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் புகார்கள் இருந்தன.

இந்தப் பக்கங்களின் முக்கிய வாசல் விளம்பரங்கள். ஆகவே ஆட் பிளாக்கர் பாதுகாப்புக் கருவியும்கூட. யூபிளாக் ஆரிஜின் ஃபயர்ஃபாக்ஸில் முழுதாக இயங்கும். குரோமில் 2025இல் அது முடக்கப்பட்டுவிட்டதால் அங்கே யூபிளாக் ஆரிஜின் லைட், கொஞ்சம் பலம் குறைவு. பெயரை ஒத்த போலிகள் ஸ்டோரில் உண்டு. 'யூபிளாக்' என்று மட்டும் இருப்பது வேறு ஆள்.

இதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கு

நடிகர் வேஷத்தில் தமிழில் இப்படி ஒரு கணக்கு நடத்தலாமே என்று தோன்றும். நடத்தலாம், ஆனால் ஆள்மாறாட்டத்துக்கும் கேலிக்கும் இடையிலுள்ள கோட்டைத் தெரிந்துகொண்டு நடத்துங்கள். 2022 நவம்பரில் ட்விட்டர் 8 டாலருக்கு நீலக்குறி விற்கத் தொடங்கியதும் எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிக் கணக்கு, இன்சுலின் இனி இலவசம் என்று போட்டது. பலர் நம்பினார்கள். அதிலிருந்து விதி இறுகிக்கொண்டே வருகிறது. 2025 ஏப்ரல் 10 முதல் எக்ஸில் கேலி, ரசிகர், விமர்சனக் கணக்குகள் அதைச் சொல்லும் சொல்லைப் பெயரின் தொடக்கத்திலேயே வைக்க வேண்டும், யாரைக் கேலி செய்கிறதோ அவருடைய அதே புரொஃபைல் படத்தை வைக்கக் கூடாது. பெயரின் கடைசியில் வைத்தால் மொபைலில் வெட்டுப்பட்டு மறைந்துவிடலாம்.

நம் ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள். தன் பெயரையும் தோற்றத்தையும் பாணியையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்துகிறது என்று ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தடையாணை கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2022இல் அமிதாப் பச்சனுக்கும் 2023இல் அனில் கபூருக்கும் இப்படியே பாதுகாப்பு அளித்திருக்கிறது. ஏஐ வைத்து நடிகரின் குரலைச் செய்து 'ஓடிபி சொல்லாதீங்க' என்று பேச வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மோசடிக்காரர்களும் அதே கருவியால் அதே குரலைச் செய்கிறார்கள். மக்களை அதை நம்பப் பழக்குவது நாமாக இருக்க வேண்டாம். கற்பனைப் பாத்திரம் ஒன்றை உருவாக்கி, சாயலை மட்டும் வைத்துக்கொள்வது எளிது.

பதிவில் மோசடி லிங்கைக் காட்டும்போது உயிரோடு காட்டாதீர்கள். முகவரித் தொடக்கத்தில் இரண்டு 'டி'யையும் 'எக்ஸ்' ஆக்கி, புள்ளியைச் சதுர அடைப்புக்குள் போட்டால் யாரும் தவறிக் கிளிக் செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட்டில் பெயரை மறைக்க போன் எடிட்டரின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பு பூசாதீர்கள். அது பாதி ஒளி ஊடுருவும், பிரைட்னஸைக் கூட்டினால் எழுத்து தெரியும். கிராப் செய்ததும் போதாமல் போகலாம்: கூகுள் பிக்ஸல் போனிலும் விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலிலும் கிராப் செய்த படத்திலிருந்து வெட்டிய பகுதியை மீட்க முடிகிறது என்று 2023 மார்ச்சில் வெளியானது. திருத்திவிட்டார்கள், அதற்கு முன் ஏற்றிய படங்கள் அப்படியேதான் கிடக்கின்றன. கெட்டியான கட்டத்தை மேலே வைத்து, அந்தப் படத்தையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுங்கள்.

கணக்கின் பூட்டைப் பற்றியும். 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தின் எக்ஸ் கணக்கே சிம் ஸ்வாப் மூலம் (போன் நம்பரைத் திருடன் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது) பறிபோய், பிட்காயின் நிதிகளுக்கு ஒப்புதல் என்று பொய்ச் செய்தி போனது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு அணைந்து கிடந்தது. எஸ்எம்எஸ் வழியிலான சரிபார்ப்பு எக்ஸில் 2023 மார்ச் முதல் கட்டணச் சந்தாவுக்கு மட்டும். இதில் இழப்பு ஒன்றுமில்லை, ஆத்தென்டிகேட்டர் ஆப் அல்லது ஹார்ட்வேர் கீ இலவசக் கணக்கிலும் வேலை செய்யும். கீ என்றால் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டில் பூட்டி வையுங்கள். பேக்கப் கோடைக் காகிதத்தில் எழுதுங்கள். கணக்கிலிருந்து போன் நம்பரை எடுத்துவிடுங்கள்.

பெயர் மாற்றும் ஆசை வரும், விதி மாறும்போது கட்டாயமாகவும் வரும். காட்சிப் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் பரவாயில்லை. அட் குறியோடு வரும் ஹேண்டிலை மாற்றினால் பழையது விடுபட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வரும். உங்களைக் குறிப்பிட்ட பழைய பதிவுகளும் கட்டுரைகளும் புதிதாக வந்தவனைக் காட்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் வேறொரு பிரவுசரில் இரண்டாவது கணக்கைத் தயாராகத் திறந்து வைத்து, முதலாவதில் மாற்றிய அடுத்த நொடியே பழைய ஹேண்டிலை அதில் பிடித்துவிடுங்கள்.